வெளியே போயிருக்கிறாள்

அத்தியாயம் 9

சென்ற வாரம் நேஜியின் வீட்டில் இரவு உணவு பாதியில் நின்றுபோனதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மறந்திருந்தாலும் குற்றமில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்ல அனுமதி வேண்டுகிறேன்.

அந்த வீட்டின் இளைய மகள் எம்னா பொறியியல் பட்டம் பெற்றவள். மண்ணும் உலோகமும் உள்ளுக்குள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதே அவளுடைய படிப்பு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை மேற்படிப்புக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடவுச்சீட்டு தலைநகர் தூனிஸில் விசா அலுவலகத்தில் கிடக்கிறது. விசா வருமா, வராதா என்பது எவருக்கும் தெரியாது.

இதற்கிடையில், அவள் படித்த கல்லூரியிலேயே பேராசிரியை ஸிஹாம் தம்முடைய ஆய்வகத்தில் உதவியாளர் பணி ஒன்றை அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். வியாழக்கிழமை நண்பகலுக்குள் எம்னா விடை சொல்லியாக வேண்டும்.

"அதை எடுத்துக்கோ" என்றார் தந்தை நேஜி. அவர் லிஸே என்னும் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். "வெளியே போய் என்ன கிழிக்கப் போறே? இதோ உக்காந்திருக்கான் பாரு, லியோன்ல படிச்சுட்டு வந்த பெரிய மனுஷன். இப்ப இவன் பேரு என்ன? எரிக்!"

மூத்த மகன் ஹாத்தெம் கரண்டியைக் கீழே வைத்தான். பிரான்சில் முதுகலை முடித்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பியவன் அவன். இப்போது எங்கள் ஊரான ஸ்ஃபாக்ஸின் ஒரு கால் சென்டரில் அமர்ந்து, மின்கட்டணம் பற்றிக் குறைப்படும் பிரெஞ்சுக்காரர்களுக்கு 'எரிக்' என்ற பெயரில் விடை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போனான். தாய் ராதியாவும் தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்தார். மேசையின் மேல் தண்ணீர்க் குடுவை நிறைந்தே இருந்தது.

"விசா வரட்டும் பாபா, அப்புறம் பேசலாம்" என்றாள் எம்னா.

"போறதுன்னா போ. என்கிட்ட கேக்காதே" என்றார் நேஜி.

இனி, அந்த வியாழக்கிழமை.

*

வீட்டுத் தொலைபேசி ஒலித்தபோது ராதியா சமையலறையில் கணவாய் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நேஜி பள்ளிக்குச் சென்றுவிட்டார். அவர் புறப்படும்போது எம்னாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தந்தையின் முகத்தைப் பார்க்க விரும்பாமல் அவள் உள்ளேயே காத்திருந்து, அவர் சென்ற பிறகே தெருவில் இறங்கினாள். மின்னேற்றம் தீர்ந்துபோன கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு அவள் சென்றது பல் மருத்துவர் மாஹெரிடம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் புறப்படுமுன் பற்களைச் சரிசெய்துகொண்டுதான் போவார்கள். அங்கே பல்லுக்கு ஆகும் செலவு அப்படி. ஆகவே படித்து முடித்த ஒரு பெண் பல் மருத்துவரின் படியேறினால், "எந்த நாட்டுக்கு?" என்றுதான் ஊர் கேட்கும். விசா கைக்கு வரும்வரை எவர் காதுக்கும் எட்டக் கூடாது, எட்டினால் கண்பட்டுவிடும் என்று ராதியா வீட்டார் அனைவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். எனவே பல் மருத்துவர் என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று அவர் உறுதி கொண்டிருந்தார்.

"அஸ்லாமா ஹால்த்தி ராதியா! நான் விதாத் பேசறேன், காலேஜ் ஆபீஸ்லேர்ந்து. எம்னா இருக்காளா? அவ போன் அணைஞ்சே கெடக்கு."

'ஹால்த்தி' என்றால் சித்தி; வயதில் பெரியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். ராதியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "எம்னாவா? அவ வெளியே போயிருக்காம்மா."

மறுமுனையில் மூச்சு நின்றது போலிருந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் 'வெளியே' என்பதற்கு வாசலுக்கு அப்பால் என்றும் பொருள் உண்டு, கடலுக்கு அப்பால் என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருள் என்பதைக் கேட்பவர் தாமே எடுத்துக்கொள்வார்.

"வெளியேவா? நெஜமாவா ஹால்த்தி? எப்ப?"

"காலையிலதான். அவ பாபாகிட்டகூட சொல்லிக்கல."

"யா ரப்பி! தனியாவா போனா?"

"தனியாத்தான். நானும் வரேன்னேன், வேணாம்னுட்டா. பயந்துட்டேதான் போனா. ராத்திரி முழுக்கத் தூங்கல பாவம்."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். அப்புறம் பழகிடும்."

"வலி தெரியாம இருந்தா போதும்."

"போகப் போக வலி கொறஞ்சிடும், கவலப்படாதீங்க. திரும்பி எப்ப வருவா?"

"அவங்க எப்ப விடறாங்களோ அப்பத்தான்."

"அதுவும் சரிதான். உள்ள விட்டா சீக்கிரம் அனுப்ப மாட்டாங்க" என்று பெருமூச்சு விட்டாள் விதாத். "ஸிஹாம் மேடம்கிட்ட நான் சொல்லிடறேன். மப்ரூக் ஹால்த்தி, ஆயிரம் மப்ரூக்!"

ராதியா தொலைபேசியை வைத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் வெளியே போனதற்கு எதற்கு வாழ்த்து? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்குத்தான் வாழ்த்துவது என்று வரைமுறை இல்லை என எண்ணியவராகக் கணவாயிடம் திரும்பிச் சென்றார்.

*

விதாத்தின் கணவர் ரிதா, நேஜியின் லிஸேயில் உடற்பயிற்சி ஆசிரியர். மனைவி கணவருக்குச் செய்தி சொல்வது இயல்பே அல்லவா?

இடைவேளையில் நேஜி ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும், ரிதா தம் நீண்ட கைகளால் அவரை வளைத்துப் பிடித்து, இரு கன்னங்களிலும் மாறி மாறி முத்தமிட்டார்.

"கொடுத்து வெச்சவர் ஸி நேஜி நீங்க! மப்ரூக்! காப்பி இன்னிக்கு உங்க செலவு!"

"எதுக்குப்பா?"

"பாருங்க, இன்னும் மறைக்கறார்!" ரிதா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "எம்னா போயிட்டா இல்ல? வெளியே! காலையில கிளம்பிட்டாளாம். உங்க வீட்டம்மாவே விதாத்கிட்ட சொல்லிட்டாங்க. இனிமே எதுக்கு மூடி மறைக்கறீங்க?"

நேஜியின் கையிலிருந்த சுண்ணக்கட்டி விரல்களுக்கிடையே நொறுங்கியது.

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா. உங்ககிட்டகூடச் சொல்லிக்காம போயிட்டாளாமே." ரிதா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதீங்க ஸி நேஜி. வாசல்ல அப்பா மொகத்தப் பாத்தா எந்தப் பொண்ணுக்கும் கால் நகராது. அதுக்குத்தான் அப்படிப் பண்ணியிருப்பா."

பிறர் வந்து கைகுலுக்கினார்கள். வேதியியல் ஆசிரியை, "எந்த ஊரு? குளிரான ஊரா?" என்று வினவினார். நேஜி தலையசைத்தார். எதற்கு அசைக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

தாழ்வாரத்தின் கோடிக்குச் சென்று மகளின் எண்ணுக்கு அழைத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். அப்போதும் கிடைக்கவில்லை. விமானத்தில் இருப்பவர்களின் கைப்பேசியும் இவ்வாறுதான் இருக்கும் என்ற எண்ணம் அவரைத் துணுக்குறச் செய்தது.

விசா வந்திருக்கிறது. தெருவுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்ததை என்னிடமும் மறைத்துவிட்டார்கள். நானும் இவர்களுக்குத் தெருவாகிவிட்டேன். அவர் மனம் இந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. 'போறதுன்னா போ. என்கிட்ட கேக்காதே.' அவள் கேட்கவில்லை. சொன்னபடியே செய்துவிட்டாள்.

அடுத்த வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நேஜி வீட்டுக்கு நடந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஹாத்தெம் ஊர் திரும்பிய சமயத்தில், இதய அடைப்புக்காக அவருடைய நெஞ்சில் ஒரு சிறு குழாய் வைத்த மருத்துவர், வேகமாக நடக்கலாகாது என்று எச்சரித்திருந்தார். அன்று அவர் அதை மறந்தார்.

சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்.

"எம்னா எங்க?"

ராதியா திரும்பிப் பாராமலே, "வெளியே போயிருக்கா" என்றார்.

நேஜி அருகிலிருந்த முக்காலியில் மெல்ல அமர்ந்தார்.  பிறகு, தமக்கே கேட்காத குரலில், "ஸ்வெட்டராவது எடுத்துட்டுப் போனாளா?" என்றார்.

"இந்த வெயில்லயா?"

"அங்க குளிருமே ராதியா."

"எங்க குளிரும்?"

"டிரெஸ்டன்ல!"

ராதியாவின் கையிலிருந்து கத்தி நழுவித் தொட்டியில் விழுந்தது. "என்ன ஆச்சு உங்களுக்கு? டாக்டர் மாஹெர்கிட்ட போயிருக்கா! கடவாய்ப் பல்லுக்கு!"

நேஜி மனைவியை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு எங்கோ திசைமாறிப் போயிற்று. ராதியா ஒரு குவளையில் தண்ணீர் கொடுத்தார். அவர் பாதியைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

"அப்ப விதாத் எதுக்கு ஊரெல்லாம் சொன்னா?" என்றார் கடைசியில். "நீ அவகிட்ட என்ன சொன்னே?"

"வெளியே போயிருக்கான்னு..."

சொல்லி முடிக்கும் முன்பே ராதியாவுக்கு விளங்கிவிட்டது. இரு கைகளாலும் கன்னங்களில் அறைந்துகொண்டார். "ஐயோ! மேடம்கிட்ட சொல்றேன்னாளே! அந்த வேல! அந்த வேலயும் போச்சா?"

*

எவருக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு ஸொஹ்ரா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். இவர் ரிதாவின் தாய் என்பதைச் சொன்னால் மீதியை வாசகர்களே ஊகித்துக்கொள்வீர்கள். ஒரு தட்டு நிறைய பாதாம் இனிப்பு அவர் கையில் இருந்தது.

"ராதியா! என்கிட்டயுமா மறைச்சே?" என்று தொடங்கினார். "காலையில கதவுச் சத்தம் கேட்டு எட்டிப் பாக்கறதுக்குள்ள தெருமுனை தாண்டிட்டா. கையில ஒரு சின்னப் பைதான். அப்பவே நெனச்சேன், இவ பெட்டியெல்லாம் முன்னாடியே அனுப்பியாச்சுன்னு. எவ்வளவு கமுக்கம்!"

"லெல்லா ஸொஹ்ரா, அது வந்து..." என்று நேஜி வாய் திறந்தார். ராதியா அவர் காலை மிதித்தார். போகவில்லை என்றால் பிறகு எங்கே போனாள் என்ற கேள்வி வரும். அதற்கு விடை சொன்னால் விசா வெளிச்சத்துக்கு வரும்.

"தண்ணி ஊத்தினியா அவ பின்னால?" என்றார் ஸொஹ்ரா.

"இல்ல..."

"அதான பாத்தேன்! போறவ பின்னால தண்ணி ஊத்தலேன்னா எப்படித் திரும்பி வருவா? நீ மறந்திருப்பேன்னுதான் நானே ஒரு வாளி கொண்டாந்து உன் வாசல்ல ஊத்திட்டேன். இனி கவலையில்ல. திரும்பி வந்துடுவா."

அந்தக் கணமே வாசற்கதவு திறந்தது.

ஈரமான படியைத் தாண்டி எம்னா உள்ளே வந்தாள். வலக்கன்னம் வீங்கியிருந்தது. வாயில் ஒரு கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். மூவரும் தன்னையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு திகைத்து நின்றாள்.

"என்ன ஆத்து? ஏன் எல்லாலும் இப்பதிப் பாக்கலீங்க?" மரத்துப்போன வாயிலிருந்து சொற்கள் வழுக்கி விழுந்தன.

ஸொஹ்ரா தட்டை மேசையில் வைத்தார். "நான் ஊத்தின தண்ணி இன்னும் காயக்கூட இல்லையே! ஏன்டி, இவ்வளவு சீக்கிரமா வரச் சொன்னேன்?"

"பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரா" என்று உளறிவிட்டார் நேஜி.

ராதியா கண்களை மூடிக்கொண்டார்.

"பல்லா?" ஸொஹ்ராவின் முகம் மெல்ல மலர்ந்தது. "ஓஹோ. பல்லப் பாத்தாச்சா. அப்ப இன்னிக்கு இல்ல, சீக்கிரமே! எந்த நாடும்மா?"

ராதியா அவரை எவ்வாறோ வாசல்வரை அழைத்துச் சென்று வழியனுப்பினார். கதவைச் சாத்தியதும் மகளிடம் விரைந்து வந்து, ஐந்து விரல்களை அவள் தலைக்கு மேல் விரித்து, "மீன் உன்மேல, அஞ்சு வெரலும் அவங்க கண்ணுல" என்று கண்ணேறு கழிக்கும் சொற்களை முணுமுணுத்தார்.

*

நடந்ததை எம்னாவிடம் சொன்னவர் நேஜிதான். அவள் நின்றபடியே கேட்டாள். விசா வராவிட்டால் அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த ஆய்வகப் பணி. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நண்பகலுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது.

தொலைபேசியை எடுத்துப் பேராசிரியையின் அறை எண்ணைச் சுழற்றினாள். நேஜி முக்காலியை அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார். ராதியா சமையலறைக் கதவோரம் நின்றார். அந்தப் பழைய கருவியில் மறுமுனைப் பேச்சு அறை முழுவதும் கேட்கும்.

"மேதம், நான் எம்னா..."

"எம்னாவா! என் கண்ணே, போய்ச் சேந்துட்டியா? லைன் என்ன இப்படி இருக்கு? நீ அழறியா?"

"இல்ல மேதம், என் வாய்..."

"அழு, நல்லா அழு. நானும் அழுதிருக்கேன். நான் அங்க படிக்கப் போன மொத ஞாயித்துக்கிழமை ஒரு கட திறக்கல, ரூம்ல ஒரு துண்டு ரொட்டியில்ல. பட்டினியா படுத்துட்டு, எதுக்குடா வந்தோம்னு அழுதேன். திங்கக்கிழமை லேப்புக்குப் போனேன். சரியாயிடுச்சு."

எம்னா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இந்த வேலயப் பத்தி நீ யோசிக்கவே வேணாம்" என்று தொடர்ந்தார் ஸிஹாம். "உனக்கு பதிலா மார்வாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா. கையெழுத்து போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. காகிதம் என் மேசையிலதான் இருக்கு."

நேஜி முக்காலியிலிருந்து பாதி எழுந்தார். இன்னும் போடவில்லை! மகளை நோக்கி இரு கைகளாலும் சைகை காட்டினார்: சொல், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்.

"மேதம், நான் இன்னும்..."

"ஒன்னு மட்டும் மறந்துடாதே. அந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ப நான் உங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தேன்? கரும்பலகையில படம் போட்டு. நீ எழுந்து நின்னு, 'மேடம், அந்தத் திருகு எவ்வளவு இறுக்கமா இருக்கும், கையால திருப்ப முடியுமா'ன்னு கேட்டே. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. ஏன்னா அத நான் திருப்பியிருக்கேன். மொத நாளே தப்பாத் திருப்பி, ஒரு நாள் வேலையக் கெடுத்தேன். யாரும் திட்டல, மறுபடி பண்ணுன்னாங்க. அதான் எம்னா நான் அங்க கத்துக்கிட்டது. போ, போய்த் திருப்பிப் பாரு."



"மேதம், ஒன்னு கேக்கலாமா? நீங்க ஏன் திலும்பி வந்தீங்க?"

"இது என்ன கேள்வி, போன அன்னிக்கே?" ஸிஹாம் சிரித்தார். "அந்தத் திருகத் தொட்டவ ஒருத்தியாவது இங்க இருந்தாத்தானே உன் கேள்விக்கு பதில் கெடைக்கும்?"

எம்னா தந்தையைப் பார்த்தாள். அவர் கைகள் இன்னும் அந்தரத்திலேயே இருந்தன.

"மேதம், நான் போகல. ஸ்ஃபாக்ஸ்லதான் இலுக்கேன். பல் டாக்டல்கிட்ட போயிலுந்தேன், அதான் வாய் இப்பதி. விசா இன்னும் வலல."



"அப்ப மார்வாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் பேராசிரியை, வேறு குரலில். "இந்த இடம் உனக்குத்தான் வெச்சிருந்தது. சொல்லு, உன் பேரப் போட்டுடவா?"



"வேணாம் மேதம். மால்வாவுக்கே குதுங்க."

"விசா வரலேன்னா?"

"தெலியல மேதம்."

"பைத்தியமா உனக்கு? கையெழுத்து போட்டேன்னா போட்டதுதான். அப்புறம் என்னால ஒன்னும் பண்ண முடியாது."

"போதுங்க மேதம்" என்றாள் எம்னா. 'போடுங்கள்' என்பதைத்தான் அவள் அவ்வாறு சொன்னாள்.

அவள் தொலைபேசியை வைத்தாள். உதட்டோரம் எச்சில் வழிவதை அவள் உணரவில்லை. நேஜி தம் கைக்குட்டையை எடுத்து, அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது துடைத்தது போலவே, மோவாயைத் துடைத்துவிட்டார்.

"திட்டுங்க பாபா."

"காலையில நீ போயிட்டேன்னே நெனச்சுட்டேன்" என்றார் அவர். "வழியெல்லாம் என்ன யோசிச்சேன் தெரியுமா? இவ ஸ்வெட்டர் எடுத்தாளா இல்லையான்னு. வேற ஒன்னுமே தோணல."

எம்னா தரையைப் பார்த்தாள்.

"நீ போறது எனக்குப் பயமில்லம்மா. போயிட்டு ஒன்னுமில்லாம திரும்பி வருவியேன்னுதான் பயம். ஹாத்தெம் வந்து எறங்கினப்ப விமான நிலையத்துல அவன் மொகத்த நான்தான் பாத்தேன். வேல கெடைக்கல பாபான்னு ஒரே வார்த்த. அப்படி ஒரு மொகத்த மறுபடி என்னால பாக்க முடியாது."

சமையலறையில் குழாய் திறந்து ஓடும் ஓசை கேட்டது. ராதியா கதவோரத்தில் இல்லை.

*

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தொலைபேசி மறுபடியும் ஒலித்தது. ராதியா அஞ்சியஞ்சித்தான் எடுத்தார்.

"உம்மா, நான்தான். வெளியே நிக்கறேன். எம்னாவ மட்டும் அனுப்பு."

"வெளியேன்னா எந்த வெளியே?" என்று அலறினார் ராதியா. "ஒழுங்காச் சொல்லுடா! இன்னிக்கு இந்த வார்த்தயால நான் பட்டது போதும்!"

"நம்ம வாசல்ல உம்மா! வேற எங்க?"

எம்னா கதவைத் திறந்து வெளியே போனாள். ஹாத்தெம் தெருவோரத்து ஒலிவ மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். பணி முடியும் நேரம் ஆகவில்லை. கால் சென்டரின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிற்று. அதில் 'எரிக்' என்றிருந்தது.

"என்னடி, வாய் இப்படி இருக்கு?"

"பல்லு."

"இப்பத்தான் உன் ஜெர்மன் உச்சரிப்பு சரியா வந்திருக்கும்." அவன் சிரிக்க முயன்றான், சிரிப்பு வரவில்லை. "விசா ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. உன் போன் கெடைக்கலன்னு என் நம்பருக்கு."

எம்னாவுக்கு மரத்திருந்த கன்னமும் சில்லிட்டது. "விசா கெதைக்கலையா?"

"இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. திங்கக்கிழமை மறுபடி நேர்ல வரச் சொல்றாங்க. என்னையும் கூட்டிட்டு."

"உன்னையா? எதுக்கு?"

"படிச்சு முடிச்சா நீ திரும்பி வருவியான்னு அவங்களுக்குச் சந்தேகம். இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தன் ஏற்கெனவே போயிட்டுத் திரும்பி வந்திருக்கான். அவன் ஏன் வந்தான்னு அவன் வாயாலயே கேக்கணுமாம். அதுக்கப்புறம்தான் முடிவாம்."

எம்னா பெருமூச்சு விட்டாள். "அவ்வளவுதானா? அதுதான் எல்லாலுக்கும் தெலியுமே. அங்க உனக்கு வேல கெதைக்கல..." தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நிறுத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ அண்ணா."

"அதத்தான் யோசிச்சுட்டே வந்தேன்" என்றான் ஹாத்தெம். "வேல கெடைக்காம வந்தேன்னு சொன்னா, அவங்க என்ன நெனப்பாங்க? கெடைச்சிருந்தா வந்திருக்க மாட்டான்னு. உனக்குக் கெடைச்சா நீயும் வரமாட்டேன்னு. அதோட கதவு மூடிடும்."

"அப்ப என்ன சொல்லப் போலே?"

அவன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"உண்மையச் சொல்லணும். எனக்கு அங்க வேல கெடைச்சுது எம்னா. நல்ல வேல. மூனு மாசம் பாத்தேன். அப்புறம்தான் வந்தேன்."

பின்னால் ஏதோ ஓசை கேட்டு இருவரும் திரும்பினார்கள்.

ஸொஹ்ரா ஊற்றிய தண்ணீரில் எவரும் வழுக்கிவிடக் கூடாதென்று துடைக்க வந்த நேஜி, கையில் ஈரத்துணியுடன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். துணியிலிருந்து நீர் அவருடைய செருப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேல இருந்துதா?" என்றார். "அப்ப யாரு உன்ன வரச் சொன்னது?"

 ஹாத்தெமின் பார்வை தந்தையின் தோளைக் கடந்து, நடையைக் கடந்து, சமையலறைப் பக்கம் சென்று நின்றது.

அங்கே, அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழாயை எவரோ மெல்ல மூடினார்கள்.